லேப்டாப்புக்கு வயசாகலை பாஸ்!

உங்க வீட்டு பீரோ மேல, பழைய பெட்ஷீட் சுத்தி ஒரு லேப்டாப் தூங்கிட்டு இருக்கா? அக்கா ப்ளஸ் டூ படிச்சப்போ கவர்மென்ட் கொடுத்தது, அண்ணன் முதல் சம்பளத்துல வாங்கினது, மாமா துபாய்லேர்ந்து கொண்டுவந்தது... ஏதோ ஒண்ணு? அதை எடைக்குப் போடறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் இதைப் படிச்சுடுங்க, ப்ளீஸ்!

மேட்டர் இதுதான். 2025 அக்டோபர் 14-ம் தேதி விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 'குட்பை' சொல்லிடுச்சு. 2015 ஜூலையில் வந்த சிஸ்டம். அன்னிக்கு ராத்திரி யார் கம்ப்யூட்டரும் திடீர்னு அணைஞ்சு போகலை. மறுநாள் காலையிலும் எல்லாம் வழக்கம்போல ஓடுச்சு. ஆனா, பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கிற அப்டேட் வர்றது நின்னு போச்சு. கதவுல பூட்டு இருக்கு, பூட்டு ரிப்பேர்காரர் மட்டும் ஊரைவிட்டுப் போயிட்டார்னு வெச்சுக்கங்களேன்! இன்னும் ஒரு வருஷம், அதாவது 2026 அக்டோபர் 13 வரைக்கும் வேணும்னா அப்டேட் வாங்கிக்கலாம்னு ஒரு சலுகையும் அறிவிச்சாங்க. செட்டிங்ஸை அவங்க அக்கவுன்ட்டோட இணைச்சுக்கிட்டா காசு வேண்டாம். இல்லேன்னா 30 டாலர்.

'அட, விண்டோஸ் 11-க்கு மாறிட்டா போச்சு!' என்கிறீர்களா? அங்கேதான் இடிக்குது. விண்டோஸ் 11 வேணும்னா டி.பி.எம். 2.0 வேணும். ரகசிய சாவிகளைப் பத்திரமா வெச்சுக்கிற பாதுகாப்பு சமாச்சாரம் அது. அதோட, ப்ராசஸரும் அவங்க லிஸ்ட்ல இருக்கணும். இன்டெல்னா பெரும்பாலும் 8-வது தலைமுறையிலிருந்துதான் உள்ளே அனுமதி. அந்த 8-வது தலைமுறை வர ஆரம்பிச்சதே 2017 ஆகஸ்ட்ல. ஆக, அந்த வருஷம் பொங்கலுக்குப் புத்தம்புதுசா லேப்டாப் வாங்கினவர், 2021 அக்டோபர்ல விண்டோஸ் 11 வந்தப்போ, அஞ்சு வருஷம்கூட ஆகாம கேட்டுக்கு வெளியே நின்னார். அவர் மெஷின் நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு!

எங்க தெருவுல ஒரு பொண்ணு. தனியார் காலேஜ்ல பி.காம்., முதல் வருஷம். அப்பா ஆட்டோ ஓட்டறார். 2025 டிசம்பர்ல ஒருநாள் அப்பாவும் பொண்ணுமா வீட்டுக்கு வந்தாங்க. கையில அக்காவோட பழைய லேப்டாப், 4 ஜிபி ராம். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு கடைக்குக் கொண்டுபோயிருக்காங்க. கடைக்காரர் திறந்துகூடப் பார்க்கலை. "இதுக்கெல்லாம் ஆயுசு முடிஞ்சுபோச்சு, புதுசு எடுத்துடுங்க, இ.எம்.ஐ. போட்டுத் தர்றோம்"னு சொல்லிட்டார். அப்பா என்கிட்ட கேட்டது ஒரே கேள்விதான்: "தம்பி, நிஜமாவே செத்துப்போச்சா? இல்லேன்னா இவ அம்மா தோட்டை வைக்கணும்..."

லேப்டாப்பை ஆன் பண்ணினேன். திரை ஓ.கே. கீபோர்டுல ஒரு பட்டன் மட்டும் கொஞ்சம் மக்கர். பேட்டரி ஒரு மணி நேரம் தாங்குது. டெஸ்க்டாப் வர்றதுக்குள்ள ஒரு டீ குடிச்சுட்டு வந்துடலாம், அவ்வளவு ஸ்லோ. ஆனா, செத்துப்போகலை!

இப்படி ஒரு மெஷினுக்குக் கடைகளில் இன்னொரு வைத்தியமும் உண்டு. 'ஐந்நூறு ரூபா கொடுங்க, செக்கிங்கை எல்லாம் ஏமாத்தி விண்டோஸ் 11 போட்டுத் தர்றேன்'பாங்க. அதுவும் பல நேரம் திருட்டு காப்பி. திருட்டு காப்பியை நாம ரொம்ப காலமா 'திருட்டு'ன்னே நினைக்கிறதில்லை, அது வேற கதை. எவனோ கை வெச்ச சிஸ்டத்துல உங்க ஜி-பே, பேங்க் பாஸ்வேர்டு எல்லாத்தையும் அடிக்கப் போறீங்களே... அதை மட்டும் யோசிங்க.

நான் செஞ்சது சிம்பிள். 8 ஜிபி பென் டிரைவ் ஒண்ணு எடுத்தேன். அதுல லினக்ஸ் மின்ட் எக்ஸ்.எஃப்.சி.ஈ.ங்கிற லேசான வகையை ஏத்தினேன். டவுன்லோடு கிட்டத்தட்ட 3 ஜிபி. அதை பென் டிரைவ்ல எழுத ரூஃபஸ்னு ஒரு குட்டி சாஃப்ட்வேர் போதும். லேப்டாப்பை அதுலேர்ந்தே ஸ்டார்ட் பண்ணினேன். கவனிங்க, இன்னும் எதையும் இன்ஸ்டால் பண்ணலை! ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலேயே, பென் டிரைவ்லேர்ந்து முழு சிஸ்டமும் ஓடும். வை-ஃபை எடுக்குதா, சத்தம் வருதா, கேமரா தெரியுதா... எல்லாத்தையும் ஓட்டிப் பார்த்துட்டு, பிடிச்சா மட்டும் உள்ளே போடலாம். புதுச் செருப்பை வாங்கறதுக்கு முன்னாடி கடைக்குள்ளேயே நாலு அடி நடந்து பார்க்கிறோமே, அப்படி.

உள்ளே போடறதுக்கு முன்னாடி ஃபைல் எல்லாத்தையும் காப்பி எடுத்துடுங்க. நான் காலேஜ் படிச்சப்போ சித்தப்பா வீட்டு கம்ப்யூட்டர்ல லினக்ஸ் போடறேன்னு உட்கார்ந்து, 'டிஸ்க்கை முழுசா அழி'ங்கிறதுல டிக் அடிச்சுத் தொலைச்சேன். அத்தனை கல்யாண போட்டோவும் போச்சு. சித்தி இன்னும் எனக்கு அரை டம்ளர் காபிதான் தர்றாங்க!

இந்த இடத்துல ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக் சொல்லியே ஆகணும். அமெரிக்காவுல எம்.ஐ.டி. கல்லூரியின் ஏ.ஐ. லேப்ல ரிச்சர்ட் ஸ்டால்மன்னு ஒரு புரோகிராமர். அங்கே இருந்த பழைய பிரின்டர்ல பேப்பர் சிக்கினா, பிரின்ட் கொடுத்தவங்க திரையில தகவல் வர்ற மாதிரி அவரே புரோகிராமை மாத்தி வெச்சிருந்தார். அப்புறம் ஜெராக்ஸ் கம்பெனி ஒரு புது லேசர் பிரின்டர் கொடுத்துச்சு. அதுவும் சிக்குச்சு. சரிபண்ணலாம்னா அதோட மூல நிரல், அதாவது சோர்ஸ் கோடு கிடைக்கலை. இன்னொரு யுனிவர்சிட்டியில அது வெச்சிருந்த ஒருத்தர்கிட்ட நேர்லயே போய்க் கேட்டார். 'தர மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்'னு அவர் கையை விரிச்சுட்டார். மனுஷன் கொதிச்சுப்போயிட்டார்! 1983 செப்டம்பர்ல க்னூ திட்டத்தை ஸ்டால்மன் அறிவிச்சதுக்குப் பின்னாடி அந்தக் கோபமும் இருந்துச்சு. 1991-ல ஃபின்லாந்துல லினஸ் டோர்வால்ட்ஸ்ங்கிற 21 வயசு காலேஜ் ஸ்டூடன்ட் எழுதின கெர்னல் அதோட சேர, இன்னிக்கு நாம பேசிக்கிட்டிருக்கிற லினக்ஸ் பிறந்துச்சு.

இங்கிலீஷ்காரங்களுக்கு இதுல ஒரு தலைவலி. 'ஃப்ரீ'ன்னா ஓசியா, சுதந்திரமா? ரெண்டுக்கும் ஒரே வார்த்தை. ஸ்டால்மன் ஊர் ஊரா போய் வருஷக்கணக்குல இதையே விளக்கிக்கிட்டு இருந்தார். நமக்கு அந்தப் பிரச்னையே இல்லை. இலவசம் வேற, கட்டற்ற மென்பொருள் வேற. கலர் டி.வி., மிக்ஸி, கிரைண்டர்னு பார்த்த நமக்கு இலவசத்தைப் பத்தி யாரும் கிளாஸ் எடுக்க வேண்டாம்! கட்டற்றதுன்னா, நீங்க எதுக்கு வேணும்னாலும் ஓட்டலாம், உள்ளே திறந்து படிக்கலாம், நண்பனுக்கு காப்பி போட்டுக் கொடுக்கலாம், மாத்தி எழுதி ஊருக்கே கொடுக்கலாம். 2025 செப்டம்பர்ல எல்லாரும் 'அரட்டை' ஆப்பை இறக்கிக்கிட்டு இருந்தப்போ, 'இதுவும் ஓப்பன் சோர்ஸ்தானே?'ன்னு என்னைக் கேட்டவங்க நிறையப் பேர். நம்ம ஊர் கம்பெனி செஞ்சது, சந்தோஷம். ஆனா, எந்த ஊர் கம்பெனி செஞ்சதுங்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை பாஸ்.

பாஸ்னதும் ஞாபகம் வருது. சென்னையில சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-ல வெளியிட்ட லினக்ஸுக்குப் பேரே 'பாஸ்'தான்! 2011 செப்டம்பர்ல ஆரம்பிச்ச தமிழக அரசின் இலவச லேப்டாப்புல விண்டோஸோட அதுவும் இருந்துச்சு. 2026 ஜனவரியில காலேஜ் மாணவர்களுக்குக் கொடுக்க ஆரம்பிச்ச லேப்டாப்புலயும் இருக்கு. ஆனா, லட்சக்கணக்கான பசங்க கைக்குப் போன அந்த பாஸுக்கு என்ன ஆச்சு? லேப்டாப் வந்த அன்னிக்கே 'இது எதுக்கு இடத்தை அடைக்குது?'ன்னு தூக்கி எறிஞ்சதுதான் நான் பார்த்த எல்லா ஹாஸ்டல்லயும் நடந்துச்சு. பசங்களைக் குறை சொல்ல மாட்டேன். இதை எப்படி ஓட்டணும்னு அவங்களுக்கு யார் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தா? பக்கத்து கேரளாவுல ஸ்கூல் கம்ப்யூட்டர் பாடத்தையே கட்டற்ற மென்பொருளை வெச்சுத்தான் நடத்தறாங்க, டீச்சர்களுக்கு டிரெய்னிங் கொடுத்து. நாம பெட்டியை மட்டும் கொடுத்தோம்.

இன்னொரு குத்தவாளியும் இருக்கான். என்னை மாதிரி லினக்ஸ் பைத்தியங்கள்! புதுசா ஒருத்தன் வந்து 'அண்ணே, வை-ஃபை வரலை'ன்னு கேட்டா, 'டெர்மினலைத் திற, இந்த ஆறு வரியை அடி, முதல்ல மேனுவலைப் படி'ன்னு முறைக்கிறது. அவன் அன்னிக்கே ஓடிப்போய் திருட்டு விண்டோஸ் போட்டுக்குவான். நானே ஒரு காலத்துல அப்படித்தான் பந்தா விட்டுக்கிட்டுத் திரிஞ்சேன். உபுன்டு கம்பெனி உலகம் பூரா சி.டி.யை ஓசியில தபால்ல அனுப்பின காலம் அது (2011-ல அந்தத் திட்டத்தை மூடிட்டாங்க). கவர் வந்தா ஹாஸ்டலே கூடும். எல்லாருக்கும் ஒண்ணு கொடுத்துட்டு, அதுக்கப்புறம் யாருக்கும் உதவி பண்ணினதில்லை. இப்போ நினைச்சா வெட்கமா இருக்கு.

சரி, பொண்ணு கதைக்கு வருவோம். அவளுக்கு என்ன கிடைச்சுது, என்ன கிடைக்கலை?

டீ குடிக்கிற நேரம் இப்போ வேண்டாம். ஆனாலும் பிரவுசர்ல இருபது டேப் திறந்தா 4 ஜிபி ராம் மூச்சு வாங்கத்தான் செய்யும். லினக்ஸ் மந்திரவாதி இல்லை. ஹார்டு டிஸ்க்கை எடுத்துட்டு ஒரு சின்ன எஸ்.எஸ்.டி. போட்டா இன்னும் பறக்கும். அதுக்குக் காசு சேர்த்துக்கிட்டு இருக்கா. அசைன்மென்ட்டுக்கு லிப்ரே ஆபீஸ். தமிழ்ல அடிக்க தமிழ்99 கீபோர்டை ஒரு செட்டிங்ல சேர்த்தாச்சு. பழைய பாமினி எழுத்துருவுல யாராவது ஃபைல் அனுப்பினா மட்டும் அந்த ஃபான்ட்டைத் தேடிப் போடணும். வை-ஃபைக்கு ஒரு டிரைவர் கிடைக்காம ரெண்டு மணி நேரம் என் உயிரை வாங்குச்சு. அப்புறம் என் போனை யு.எஸ்.பி.ல செருகி, அந்த நெட்டை வெச்சு டிரைவரை இறக்கினேன்.

பி.காம்.னா டாலி வேணுமே? அதுதான் பெரிய ஓட்டை. டாலி லினக்ஸ்ல நேரடியா ஓடாது. காலேஜ் லேப்லதான் ப்ராக்டிஸ் பண்றா. பற்று-வரவு கணக்கைப் புரிஞ்சுக்க வீட்டுல க்னூகேஷ் இருக்கு. ஆனா, இன்டர்வியூவுல 'டாலி தெரியுமா?'ன்னுதான் கேட்பாங்க, 'க்னூகேஷ் தெரியுமா?'ன்னு இல்லை. இதை மறைச்சு உங்களை லினக்ஸுக்குக் கூப்பிட்டா நான் பொய் சொல்றவன். அதேமாதிரி ஆட்டோகேட், போட்டோஷாப் இல்லாம முடியாதுங்கறவங்களும், வாலரன்ட் ஆடாம தூக்கம் வராதுங்கறவங்களும் அவசரப்படாதீங்க. ஆன்லைன் எக்ஸாமுக்கு விண்டோஸ் சாஃப்ட்வேர்தான் வேணும்னு உங்க காலேஜ் சொன்னாலும் அப்படித்தான். டிஸ்க்ல இடம் இருந்தா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக்கலாம். ஆனா அந்த விண்டோஸ் 10-ல நெட்டும் பேங்க்கும் வேண்டாம்.

'லினக்ஸ் மட்டும் பழசைக் கைவிடாதா?'ன்னு நீங்க மடக்கலாம். நியாயமான கேள்வி. 2025 ஆகஸ்ட்ல வந்த டெபியன் 13-ல, பழைய 32 பிட் கம்ப்யூட்டர்ல நேரடியா இன்ஸ்டால் பண்ற வசதியை எடுத்துட்டாங்க. அவங்களும் எல்லாத்தையும் சுமந்துக்கிட்டே இருக்க முடியாதுதானே! ஆனா, கோடு பொதுவுல கிடக்கிறதால, 'நாங்க பார்த்துக்கறோம்'னு வேற ஒரு கூட்டம் எடுத்து நடத்த வழி இருக்கு. விண்டோஸ் 10-ஐ அப்படி எடுத்து நடத்த யாருக்கும் வழியில்லை. பத்து வருஷம் அப்டேட் கொடுத்தது குறைச்சல்னு நான் சொல்ல மாட்டேன். உங்க போனுக்கு எத்தனை வருஷம் அப்டேட் வருதுன்னு பாருங்க, தெரியும். என் சண்டை அதுக்கப்புறம் என்னங்கறதுலதான். கோயமுத்தூர்ல நாலு காலேஜ் பசங்க சேர்ந்து 'இதை நாங்க இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டிக் காட்டறோம்'னு கிளம்பினாக்கூட, சட்டப்படி அந்தக் கோடைத் தொடவே முடியாது.

காலேஜ் பசங்களால என்ன முடியும்னு நினைக்காதீங்க. நீங்க தினமும் படம் பார்க்கிற வி.எல்.சி. பிளேயர், 1996-ல பாரீஸ்ல ஒரு இன்ஜினீயரிங் காலேஜ் பசங்க ஆரம்பிச்ச புராஜெக்ட். காலேஜ்ல நெட்வொர்க் ஆமை வேகம். கேம் ஆட முடியலை. வேகமான நெட்வொர்க் வாங்கறதுக்கு ஒரு காரணம் வேணுமேன்னு, அதுல வீடியோ ஓட்டற வேலையைக் கையில எடுத்தாங்க. 2001-ல காலேஜ் சம்மதிக்க, கட்டற்ற உரிமத்துல வெளியே வந்துச்சு. உங்க ஃபைனல் இயர் புராஜெக்டை எங்கே வாங்கினீங்கன்னு நான் கேட்கலை!

தமிழ்ல படிக்கணும்னா, 2012-ல ஆரம்பிச்ச 'கணியம்' மின்னிதழ் வெளியிட்ட 'எளிய தமிழில்' வரிசை புத்தகங்கள் இருக்கு. லினக்ஸ், மை-எஸ்.க்யூ.எல்.னு காசில்லாம இறக்கிப் படிக்கலாம்.

போன வாரம் அந்த ஆட்டோக்கார அண்ணனைத் தெருமுனையில பார்த்தேன். தோடு அம்மா காதுலயேதான் இருக்காம். "ஆனா தம்பி, ஒண்ணு கேட்கணும்"னு இழுத்தார். டாலி விஷயமா ஏதோ கேட்கப் போறார்னு பயந்துட்டேன்.

"அவ தூங்கினதும் பழைய பாட்டு கேட்கறேன். ஆரஞ்சு கலர்ல ரோட்டுல வெப்பாங்களே, அந்தக் கூம்பு படம் போட்டது... அதுல வால்யூமை நூறுக்கு மேல ஏத்தினா ஸ்பீக்கர் போயிடுமா?"