சாயும் வீட்டுக்குக் குடிபோகும் முன்

சென்னை மந்தைவெளியில் ஓடும் மாநகரப் பேருந்துகளில் ஒன்றை மனதுக்குள் எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் ஏறத்தாழ 12 மீட்டர். இருக்கைகளை எல்லாம் கழற்றிவிட்டு, அந்த நீளத்துக்குள் ஒரு சமையலறை, ஒரு மேசை, ஒரு கழிப்பறை, 6 பேருக்குப் படுக்கை, தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, சின்ன டீசல் இன்ஜின் அத்தனையையும் அடக்க வேண்டும். பிறகு அதைக் கடலில் இறக்கிக் காற்றின் பலத்தில் ஓட்ட வேண்டும். படகிலேயே தங்கிப் பாய்மரம் பழகப் போகிறவர்கள் குடியேறும் வீடு பெரும்பாலும் இந்த அளவுதான். பிரிட்டனின் ராயல் யாட்டிங் அசோசியேஷன் வகுத்த தொடக்கநிலைப் பயிற்சிக்கு 5 நாள். நமக்குக் கிட்டத்தில் தாய்லாந்தின் ஃபுகெட்டில் இத்தகைய பயிற்சிகள் நடக்கின்றன.

இந்த வீட்டுக்கு ஒரு குணம் உண்டு. அது சாயும். காற்று நன்றாக அடிக்கும்போது 20 பாகை சாய்வது வெகு சாதாரணம். நம் வீட்டு மேசை 1 மீட்டர் நீளம் என்றால், 20 பாகை சாய்வில் அதன் ஒரு முனை மறுமுனையைவிட 34 சென்டிமீட்டர் உயரும். பள்ளிப் பிள்ளைகளின் அடிக்கோலை நிமிர்த்தி வைத்தாலும் அந்த உயரம் எட்டாது. இந்தச் சாய்வில்தான் நடக்க வேண்டும், காபி போட வேண்டும், தூங்க வேண்டும். பயிற்சிக்கு ஆயத்தமாவது என்றால் இந்தச் சாய்வோடு பழகுவதுதான். அதற்கு முதலில் அது ஏன் சாய்கிறது என்று தெரிய வேண்டும்.

காற்று பின்னாலிருந்து அடித்தால் பாய் ஒரு பைபோல அதை வாங்கிக்கொண்டு படகைத் தள்ளும். இது எல்லோருக்கும் புரியும். பக்கத்திலிருந்தோ சற்று முன்னாலிருந்தோ அடிக்கும் காற்றில்தான் வித்தை இருக்கிறது. அப்போது வளைந்த பாய், நிமிர்த்தி வைத்த விமான இறக்கையாகிவிடுகிறது. உப்பிய வெளிப்பக்கத்தில் காற்று விரைந்தோடுகிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. உள்பக்கத்தில் அழுத்தம் கூடுகிறது. இந்த வேறுபாடு பாயைப் பிடித்து இழுக்கிறது. விமானத்தை மேலே தூக்கும் அதே விசை, படகைப் பெருமளவு பக்கவாட்டிலும் கொஞ்சம் முன்னோக்கியும் இழுக்கிறது.

அந்தப் பக்கவாட்டு இழுப்பை யார் தடுப்பது? படகின் அடியில், தண்ணீருக்குள் ஒரு துடுப்புபோல இறங்கி நிற்கும் கீல். நம் வள்ளம் கட்டும் ஆசாரிகள் படகின் அடிமரத்தை ஏரா என்பார்கள். அந்த ஏராவை ஆழமாக நீட்டியதுபோல இருக்கும் இது. பக்கவாட்டில் போக விடாமல் கீல் தண்ணீரை ஊன்றிப் பிடிக்கிறது. மிச்சம் இருக்கும் ஒரே வழி முன்பக்கம். ஈரமான புளியங்கொட்டையை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். இரு பக்கமும்தான் அழுத்துகிறீர்கள். கொட்டையோ முன்னால் தெறித்துப் போகிறது. காற்று ஒரு விரல், கடல் மறு விரல், படகு புளியங்கொட்டை.

மேலே ஒரு பக்கம் இழுப்பு, கீழே எதிர்ப்பக்கம் பிடிப்பு. இந்த இரண்டும் சேர்ந்துதான் படகைச் சாய்க்கின்றன. அப்படியானால் கவிழாதா? இதற்கு விடை தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையில் இருக்கிறது. எவ்வளவு தள்ளினாலும் அது நிமிர்ந்துவிடுவது அடியில் உள்ள கனத்தால். கீலின் உள்ளே ஈயமோ இரும்போ வைத்திருக்கிறார்கள். பல படகுகளில் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு அங்கேதான் இருக்கிறது. படகு சாயச் சாய அந்தக் கனம் பக்கவாட்டில் விலகி, இன்னும் பலமாக நிமிர்த்தப் பார்க்கும். அதே நேரத்தில் சாய்ந்த பாய் காற்றை மேலே வழியவிட்டுவிடும். தள்ளும் விசை குறைகிறது, நிமிர்த்தும் விசை கூடுகிறது. இரண்டும் சந்திக்கும் கோணத்தில் படகு அமைதியாக நின்று ஓடும். முதல் நாள் வயிற்றைக் கலக்கும் சாய்வு, இது தெரிந்தவருக்கு மூன்றாம் நாள் நாற்காலியின் சாய்மானமாகிவிடும்.

காற்றை நேருக்கு நேர் எதிர்த்து மட்டும் எந்தப் பாயும் போகாது. ஏறத்தாழ 45 பாகை விலகியாக வேண்டும். கொல்லிமலைச் சாலை 70 கொண்டை ஊசி வளைவுகளில் வளைந்து வளைந்து ஏறுவதுபோல, படகும் வலமும் இடமுமாக மாறி மாறி ஏறும். நேர்த்தூரம் 10 கிலோமீட்டர் என்றால் ஓட வேண்டியது 14. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. சாந்தோம் நெடுஞ்சாலையில் ஸ்கூட்டரை நிறுத்தி நின்றால் கடற்காற்று பக்கத்திலிருந்து அடிக்கும். வண்டி வேகம் எடுத்ததும் அதே காற்று முகத்துக்குத் திரும்பிவிடும். ஓடுபவருக்கு மட்டும் தெரியும் இந்தக் காற்றைத் தோற்றக் காற்று எனலாம். படகோட்டி பாயைத் திருப்புவது இந்தக் காற்றுக்குத்தான்.

இப்போது வீட்டுக்குள் வாருங்கள். சாயும் சமையலறையில் குழம்பு கொட்டாமல் இருப்பது எப்படி? அடுப்பை இரு பக்கமும் அச்சில் தொங்க விட்டிருக்கிறார்கள். வீடு சாயும், ஊஞ்சல்போல் தொங்கும் அடுப்பு சாயாது. கண்ணுக்கு அடுப்பு ஆடுவதுபோல் தெரியும். உண்மையில் ஆடுவது நாம், அடுப்புதான் அசையாமல் இருக்கிறது. பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ள இரும்புக் கவ்விகளும் உண்டு.

அந்த அடுப்பின் காஸ் சிலிண்டரை வைக்கும் இடம் அதைவிடப் புத்திசாலித்தனமானது. சமையல் காஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. வீட்டில் கசிந்தால் தரையோடு ஊர்ந்து கதவிடுக்கு வழியே கொஞ்சம் வெளியேறும். படகின் அடிப்பாகமோ ஓட்டையில்லாத கிண்ணம். கசிந்த காஸ் தண்ணீர்போல அதில் தேங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். எனவே சிலிண்டரை அறையோடு தொடர்பில்லாத தனிப் பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியின் அடியில் கடலைப் பார்த்து ஒரு துளை விடுகிறார்கள். கசிந்தது தானாகக் கடல் பக்கம் இறங்கிவிடும். சமைத்து முடித்த கையோடு வால்வை மூடுவது படகில் பழக வேண்டிய முதல் ஒழுக்கம். அதை இன்றே வீட்டில் தொடங்கலாம்.

கழிப்பறையிலும் ஓர் அறிவியல் பாடம் இருக்கிறது. அதன் கோப்பை பெரும்பாலும் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கும். குழாயில் ஒருமுறை நீரோட்டம் தொடங்கிவிட்டால், டிரம்மிலிருந்து மண்ணெண்ணெயை ரப்பர் குழாயால் இறக்குவதுபோலக் கடல் தானாக உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்கக் குழாயைக் கடல்மட்டத்துக்கு மேலே வளைத்தேற்றி, உச்சியில் காற்று புகும் ஒரு சிறு வால்வை வைத்திருக்கிறார்கள். ஒரு மிடறு காற்று உள்ளே போனதும் நீரோட்டத்தின் கண்ணி அறுந்துவிடும். விரல் அளவு வால்வு, முழுக் கடலையும் வாசலில் நிறுத்துகிறது.

அடுத்தது தண்ணீர்க் கணக்கு. 300 லிட்டர் தொட்டி, 6 பேர், 5 நாள் என்று வைத்துக்கொண்டால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர். குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் அதற்குள்ளேதான். ஒரு பிளாஸ்டிக் குடம்கூட நிறையாது. நம் நகரங்களுக்குத் திட்டமிடும் பொறியாளர்கள் ஆளுக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுகிறார்கள். ஆனால் 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற சென்னைக்காரருக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. ஒரு குவளையில் பல் தேய்ப்பது, அரிசி கழுவிய நீரை வீணாக்காதது எல்லாம் நம் வீட்டுப் பாட்டிகளின் பாடத்திட்டம்.

மின்சாரக் கணக்கு இன்னும் இறுக்கம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரிகள் இரண்டு இருப்பதாகக் கொள்வோம். ஈய-அமில பேட்டரியின் ஆயுள் குறையாமல் இருக்கப் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது. அப்படியானால் கையில் இருப்பது மின்வாரியக் கணக்கில் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். ஒன்றரை டன் ஏ.சி. ஒரு மணி நேரம் ஓடினால் தீர்ந்துவிடும். அதே மின்சாரத்தில் கைப்பேசியை 70, 80 முறை நிரப்பலாம், எல்.இ.டி. விளக்குகளை இரவு முழுக்க எரியவிடலாம். ஒரு யூனிட்டில் எத்தனை வாழ்க்கை அடங்கியிருக்கிறது என்பது படகில் இருக்கும்போதுதான் தெரியும்.

இனிக் கயிறு. பாயை மேலே ஏற்றும் கயிற்றைத் தமிழ்க் கடற்கரையில் ஆஞ்சான் என்பார்கள். பாயின் முனையை இழுத்துப் பிடிக்கும் கயிறு தாமான். காற்று பலமாக இருக்கும்போது தாமானில் சில நூறு கிலோ இழுவை இருக்கலாம். அதை ஒரு மனிதக் கை எப்படிப் பிடிக்கிறது? திமிறும் மாட்டின் கயிற்றை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடிப்பவருக்கு விடை தெரியும். படகில் மரத்துக்குப் பதில் வின்ச் என்னும் உலோக உருளை. ஒவ்வொரு சுற்றும் பிடிப்பைக் கூட்டாது, பெருக்கும். 18-ஆம் நூற்றாண்டுக் கணித மேதை லியோனார்ட் ஆய்லர் ஆராய்ந்த விதி இது. உராய்வு சுமாராக இருந்தாலும் மூன்று சுற்றில் பிடிப்பு ஏறத்தாழ 40 மடங்கு. 200 கிலோ இழுவையை 5 கிலோ அரிசிப் பையைத் தூக்கும் பலத்தில் நிறுத்திவிடலாம்.

இதே உராய்வின் இன்னொரு அவதாரம் பௌலைன் முடிச்சு. கயிற்றின் நுனியில் ஒரு வளையம் உண்டாக்கும் எளிய முடிச்சு அது. இழுக்க இழுக்க இறுகும். இழுவை போனதும் விரலால் அவிழும். நனைந்த பிறகும் அவிழும் முடிச்சே படகில் நல்ல முடிச்சு; மற்றதை எல்லாம் கத்தியால்தான் அறுக்க வேண்டும். கிளம்புவதற்கு முன் 2 மீட்டர் கயிறு வாங்கி, பால்கனிக் கம்பியில் கட்டிக் கட்டி அவிழ்த்துப் பழகுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கட்டிப் பாருங்கள். இரவில், சாய்ந்த தளத்தில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கட்ட நேரும்.

எல்லாச் சாய்வுகளையும் கடைசியாக எண்ணிப் பார்ப்பது நம் காது. உள்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் தலை திரும்புவதை அளக்கின்றன. பக்கத்தில் சிப்பி ஓட்டின் பொருளான கால்சியம் கார்பனேட்டால் ஆன நுண்ணிய படிகங்கள் சரிவையும் வேகத்தையும் அளக்கின்றன. படகின் அறைக்குள் உட்கார்ந்தால் காது ‘ஆடுகிறோம்’ என்கிறது. எதிரே உள்ள சுவரைப் பார்க்கும் கண் ‘ஆடவில்லை’ என்கிறது. இந்த வழக்கைத் தீர்க்க முடியாமல் மூளை வயிற்றைக் கலக்கிவிடுகிறது. ஊட்டி மலையேறும் பஸ்ஸில் கைப்பேசி பார்ப்பவர் வாந்தி எடுப்பதும் டிரைவர் எடுக்காததும் இதனால்தான். மருந்தும் அங்கேயே இருக்கிறது: மேலே வந்து தொடுவானத்தைப் பாருங்கள், முடிந்தால் சுக்கானைப் பிடியுங்கள். கண் 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் தொடுவானம் 5 கிலோமீட்டர் தொலைவில், ஏறக்குறைய மந்தைவெளியிலிருந்து தியாகராய நகர் போகும் தூரத்தில் இருக்கும். இரண்டு மூன்று நாளில் பெரும்பாலோரின் மூளை சமாதானமாகிவிடும். எவ்வளவு நன்றாகப் பழகுகிறது என்றால், ஊர் திரும்பிய பிறகு வீட்டுத் தரை ஆடுவதுபோல் தோன்றும்.

படுக்கைக்கும் சாய்வு தெரியும். பக்கவாட்டில் ஒரு கனத்த துணியைக் கட்டித் தூக்கிவிட்டால், குழந்தையைத் தூளி தாங்குவதுபோல அது உருளவிடாமல் தாங்கும். பெட்டி கட்டும்போதும் இதே புத்தி வேண்டும். மடங்காத சூட்கேஸுக்கு அங்கே மூலை இல்லை. துணிப்பைதான் சுருண்டு ஒடுங்கும். பருத்தியைக் குறைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே உப்பு துணியில் ஏறிவிட்டால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நல்ல தண்ணீரில் அலசும்வரை அது காயாது.

கடைசியாகத் தூரத்தை அளக்கும் கோல். கடல் மைல் என்பது 1,852 மீட்டர். இது ஏதோ ஓர் அரசர் வைத்த அளவல்ல. பூமியின் மேல் அட்சரேகையில் ஒரு பாகையை 60 ஆகப் பிரித்தால் வரும் ஒரு துண்டு. மந்தைவெளி ஏறத்தாழ 13 பாகை வடக்கில் இருக்கிறது. 13-ஐ 60-ஆல் பெருக்குங்கள்: பூமத்திய ரேகை இங்கிருந்து ஏறத்தாழ 780 கடல் மைல் தெற்கே. பயிற்சிப் படகு மணிக்கு 6 கடல் மைல், அதாவது நிதானமான சைக்கிள் வேகத்தில் போகும். அலுக்காமல் ஓடினால் ஐந்தரை நாளில் பூமத்திய ரேகை. பூமி முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்ற 360 பெருக்கல் 60, அதாவது 21,600 கடல் மைல்.

அந்தச் சுற்றைச் சுற்றியவர்களில் ஒருவர் நம் பக்கத்து ஊர்க்காரர். இந்தியக் கடற்படையின் தாரிணி, கோவாவில் கட்டிய 56 அடிப் பாய்மரப் படகு. நீளத்தில் ஒன்றரைப் பேருந்து. புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும் அதில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பினார்கள். ஃப்ரீமான்டில், லிட்டல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் துறைமுகங்களைத் தொட்டு, 25,000 கடல் மைலுக்கு மேல் ஓடி, 2025 மே 29 அன்று திரும்பினார்கள். ஏறத்தாழ 8 மாதம் இருவருக்கும் சாயும் வீடுதான் வீடு.

என்னை அதிகம் வியக்கவைப்பது அவர்கள் கிளம்புவதற்கு முந்தைய எண். தனியாக உலகைச் சுற்றிய அபிலாஷ் டோமியின் வழிகாட்டலில் 3 ஆண்டு பழகிய அந்த இருவரும், புறப்படும் நாளிலேயே 38,000 கடல் மைல் பாய்மர அனுபவத்தோடு இருந்தார்கள். உலகைச் சுற்றும் முன்பே, உலகை ஒன்றே முக்கால் முறை சுற்றும் தூரம் ஓடியிருந்தார்கள். பயணத்தைவிட ஆயத்தம் நீளமானது.

5 நாள் பயிற்சிக்கு அவ்வளவு வேண்டாம். மந்தைவெளி வீட்டு ஜன்னல் போதும். வெயிலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுகிறது. நிலத்தின் மேல் உள்ள காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று கிழக்கிலிருந்து பட்டினப்பாக்கம் தாண்டி உள்ளே வருகிறது. ஜன்னல் திரை உப்பும் நேரத்தைக் குறித்து வையுங்கள். காற்று வரும் திசையையும் எழுதுங்கள். சில நாட்களில் அது மாலைக்குள் மெல்லத் தெற்குப் பக்கம் திரும்பும். பூமி சுழல்வதும் அதற்கு ஒரு காரணம். ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். எட்டாம் நாள், நோட்டைப் பார்க்காமலே, திரை எப்போது எந்தப் பக்கம் உப்பும் என்று சொல்லத் தொடங்குவீர்கள்.