வீட்டுத் துப்பாக்கியைச் சுட்டுப் பார்க்க இடம் எது?

துப்பாக்கி ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு, அது எவ்வாறு சுடும் என்பதை அறியாமலே ஆண்டுகளைக் கழிப்பவர்கள் நம்மவரிடையே உண்டு. குடகிலும் சிக்கமகளூரிலும் காப்பித் தோட்டங்களை அடுத்துத் தனி வீட்டில் வாழ்பவர்கள், படையிலிருந்து ஓய்வு பெற்றபின் வடபுலத்து நகரங்களில் வங்கிக் காவலராய் நிற்பவர்கள், தந்தை விட்டுச் சென்ற இரட்டைக் குழல் துப்பாக்கியைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டு அலமாரியில் பூட்டி வைத்திருப்பவர்கள் எனப் பலரும் இதில் அடங்குவர். இவர்களிடம் பெரும்பாலும் இருப்பது 12 போர் ரவைத் துப்பாக்கியே. உரிமம் காலாவதியாகாமல் இருக்கும். குழலுக்கு எண்ணெய் இட்டுத் துடைத்திருப்பார்கள். ஆயினும், பத்து மீட்டர் தூரத்தில் அதன் ரவைகள் எங்கே விழும், எவ்வளவு அகலத்தில் விழும் என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது.

இது வேட்டைப் பிரியர்களுக்கு மட்டும் உரிய கேள்வி என்று தள்ளிவிடலாகாது. ரவைத் துப்பாக்கியின் வாயிலிருந்து ஒரே குண்டு புறப்படுவதில்லை. பல ரவைகள் ஒருங்கே புறப்படுகின்றன. குறியில் படாத ரவை ஒவ்வொன்றும் வேறோர் இடத்தில் போய்ப் பட்டே தீரும். அந்த வேறிடம் அண்டை வீட்டாரின் திண்ணையாகவும் இருக்கலாம், நம் பிள்ளைகள் உறங்கும் அடுத்த அறையாகவும் இருக்கலாம். ஆதலால் சுட்டுப் பார்த்தறிதல் கடமை. அதனினும் பெரிய கடமை, சுட்டுப் பார்ப்பதற்குத் தக்க இடத்தைத் தேடிக்கொள்ளுதல்.

பரவல் என்பது யாது?

ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான பன்னிரண்டு உருண்டைகளாக்கினால், அவற்றுள் ஓர் உருண்டை நுழையும் அளவுள்ள குழலுக்கே 12 போர் என்று பெயர். அதன் உள் விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். குழலின் வாய்ப்புறம் சற்றே குறுகியிருந்தால் அந்தக் குறுக்கத்தைச் சோக் என்பார்கள். குறுக்கம் மிகுந்தால் ரவைகள் நெருங்கிச் செல்லும்; குறுக்கமே இல்லையெனில் விரைவில் விரிந்துவிடும்.

இதனை அளப்பதற்கு ஆங்கிலேயத் துப்பாக்கி வினைஞர்கள் வகுத்த முறை இன்றும் வழக்கில் உள்ளது. 40 கஜத்தில், அதாவது சுமார் 36 மீட்டர் தூரத்தில், ஒரு பெரிய தாளை நிறுத்திச் சுடுவார்கள். ரவைகள் அடர்ந்து விழுந்த பகுதியைச் சுற்றி 30 அங்குல விட்டமுள்ள வட்டம் வரைந்து, உள்ளே விழுந்த துளைகளை எண்ணுவார்கள். குறுக்கம் இல்லாத குழலானால் நூற்றுக்கு 40, அரைச் சோக்கானால் 60, முழுச் சோக்கானால் 70 என்பது பொதுவான கணக்கு. 300 ரவைகள் கொண்ட தோட்டாவை முழுச் சோக்கில் சுட்டால், 210 ரவைகள் வட்டத்துக்குள் விழுவதை எதிர்பார்க்கலாம். ஏனைய 90 ரவைகளும் வட்டத்துக்கு வெளியே செல்வன என்பதை மறத்தல் கூடாது.

ஆனால் வீட்டுப் பாதுகாப்புக்கு 36 மீட்டர் வேண்டுவதில்லை. கூடத்தின் ஒரு மூலையிலிருந்து வாசற்கதவு வரை அளந்தால் ஐந்து அல்லது ஏழு மீட்டர். தாழ்வாரத்திலிருந்து வெளிக்கதவு வரை போனால் பத்துப் பதினைந்து மீட்டர். இந்தச் சிறு தூரங்களில் ரவைகள் சுவர் முழுதும் சிதறும் என்று திரைப்படங்களைக் கண்டவர்கள் எண்ணுகிறார்கள். உண்மை அதுவன்று. குறுக்கமில்லாத குழலிலும் ஒரு கஜத்துக்கு ஓர் அங்குலம் விரியும் என்பதே பழைய தோராயக் கணக்கு. ஐந்து மீட்டரில் ஓர் உள்ளங்கை அகலத்தைச் சற்றே தாண்டும். முழுச் சோக்கானால் அதனினும் குறுகும். ரவைத் துப்பாக்கிக்குக் குறி பார்க்க வேண்டுவதில்லை என்ற நம்பிக்கை இக் கணக்கின் முன் நிற்காது.

இதற்கு மறுபுறமும் உண்டு. அருகில் விரியாத ரவை தொலைவில் நெடுந்தூரம் செல்லும். ரவையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து 2,200-ஆல் பெருக்கினால், அது செல்லக்கூடிய அதிகத் தூரம் கஜக் கணக்கில் கிடைக்கும் என்று பிரெஞ்சுப் படை அதிகாரியாகிய ஜூர்னே ஒரு வாய்பாடு வகுத்தார். அதன்படி 6-ஆம் எண் சிறு ரவை ஏறத்தாழ 200 மீட்டர் செல்லும். வீட்டுக் காவலுக்கென்று பலர் வாங்கி வைக்கும் எஸ்.ஜி. பெருரவையோ 660 மீட்டருக்கு மேல் செல்லக்கூடும். சோதனைக்கு இடம் தேடும்போது இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எவ்விடங்கள் ஆகா?

முதலாவது, மொட்டை மாடி. தீபாவளி இரவில் நூறு வெடிச் சத்தங்களுக்கு நடுவே இஃதும் ஒன்றாகப் போய்விடும் என்று எண்ணுவோர் உண்டு. சத்தம் கலந்துவிடலாம், ரவை எதிலும் கலப்பதில்லை. பொது இடத்தில் துப்பாக்கியை நீட்டுவதையும் சுடுவதையும் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் தடுக்கின்றன. திருமணம், திருவிழா முதலிய கூட்டங்களில் பிறருக்கு ஆபத்து நேரும்படி சுட்டால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி 2 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

இரண்டாவது, ஊரிலுள்ள மாமனாரின் தென்னந்தோப்பு. விடுமுறைக்குப் போகும்போது துப்பாக்கியையும் எடுத்துச் சென்று அங்கே சுட்டுப் பார்த்துவிடலாம் என்ற யோசனை, வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு எளிதில் தோன்றக்கூடியதே. ஆனால் உரிமம் எந்தப் பரப்புக்குச் செல்லும் என்பது உரிமப் புத்தகத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும். கர்நாடக மாநிலத்துக்கு மட்டும் வழங்கிய உரிமத்துடன் ஓசூர் எல்லையைத் தாண்டினால், நல்ல எண்ணத்துடன் போகிறவரும் குற்றவாளி ஆவார். இந்தியா முழுவதற்கும் செல்லும் உரிமம் வேண்டுமானால் அதற்கெனத் தனியே விண்ணப்பித்தல் வேண்டும். மாநிலம் விட்டு மாநிலம் குடிபெயர்ந்தவர்கள், புதிய இடத்தின் உரிம அதிகாரியிடம் முகவரி மாற்றத்தைப் பதிவு செய்தார்களா என்பதையும் இவ்வேளையில் பார்த்துக்கொள்வது நன்று.

மூன்றாவது, காட்டோரம். குடகுக்கு அருகே நாகரஹொளையும், சிக்கமகளூருக்கு அருகே பத்ராவும் புலிகள் வாழும் காப்புக் காடுகள். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, தலைமை வனவுயிர்க் காப்பாளரின் எழுத்து அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் ஆயுதத்துடன் நுழைதல் கூடாது. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புதிய ஆயுத உரிமம் வழங்குவதற்கும் அவருடைய இசைவு வேண்டும். அத்தகைய இடத்தில் ஒரு வெடிச்சத்தம் கேட்டால், வனக் காவலர் வேட்டை என்றே கருதி வருவார். தாளைச் சுட்டேன் என்று அப்போது சொல்வதை அவர் நம்பவேண்டிய கட்டாயம் இல்லை.

சொந்தத் தோட்டமாயிற்றே என்பாரும் உளர். நிலம் சொந்தமாயினும் 660 மீட்டர் சுற்றளவும் சொந்தமாய் இருத்தல் அரிது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு, பள்ளிக்குப் போகும் ஒற்றையடிப் பாதை, காய் பறிக்கும் பெண்கள் எல்லாம் அந்தச் சுற்றளவுக்குள் அடங்கிவிடுவார்கள்.

எங்கே செல்வது?

முறையான இடம் துப்பாக்கிச் சுடுதளமே. இந்திய தேசிய ரைபிள் சங்கம் 1951-இல் நிறுவப்பட்டது. அதனுடன் இணைந்த மாநிலச் சங்கங்களும் அவற்றின் கீழ் மாவட்டக் கழகங்களும் இயங்கி வருகின்றன. தலைநகரில் உள்ளவர்களுக்குத் துக்ளகாபாத்தில், 1982 ஆசிய விளையாட்டுக்காக அமைக்கப்பட்ட தளம் இருக்கிறது. 1960 முதல் 1980 வரை ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்ட கர்ணி சிங்கின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டிருக்கிறது. பறக்கும் தட்டுகளை ரவைத் துப்பாக்கியால் சுடும் டிராப் போட்டியே அவர் துறை. அதே துறையில் புதுக்கோட்டையின் பிரித்விராஜ் தொண்டைமான் 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் நின்றார் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

கழகத்தை அணுகுமுன் மூன்று கேள்விகளை எழுதிக் கேட்டுத் தெளிதல் நலம். ஒன்று, அங்கே ரவைத் துப்பாக்கிக்குரிய திறந்த தளம் உண்டா? பல கழகங்களில் இருப்பது 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிக் கூடமே. இரண்டு, எவ்வகைத் தோட்டாவுக்கு அனுமதி? டிராப் போட்டிகளில் 24 கிராமுக்கு மேற்படாத, 2.6 மில்லிமீட்டர் விட்டத்துக்கு உட்பட்ட சிறு ரவைக்கே இடமுண்டு. அந்தத் தளங்களின் எல்லைகளும் அதற்கேற்பவே வகுக்கப்பட்டவை. எஸ்.ஜி., எல்.ஜி. ரவைகளுக்குப் பின்னால் உயர்ந்த மண்மேடுள்ள தளம் வேண்டும். மூன்று, உறுப்பினர் அல்லாதவருக்கு இடம் தருவார்களா, அங்கே உடன் நின்று வழிநடத்துவோர் உண்டா? கழகம் இல்லாத மாவட்டத்தில், காவல்துறையின் சுடுதளத்தைப் பயன்படுத்த இயலுமா என்று மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதிக் கேட்கலாம். மறுமொழி எதுவாயினும் எழுத்தில் பெற்று வைத்துக்கொள்வது முறை. வங்கிக் காவலர்கள் தம்மை வேலைக்கு அமர்த்தியவர் மூலமாகவே கேட்பின் காரியம் எளிதாகலாம்.

செய்முறை

புறப்படுமுன் உரிமம் பெற்ற துப்பாக்கி வினைஞரிடம் ஆயுதத்தைக் காட்டுதல் வேண்டும். பழைய துப்பாக்கிகளுள் சில 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்காகச் செய்யப்பட்டவை. அவற்றில் இன்றைய 70 மில்லிமீட்டர் தோட்டாவை இட்டுச் சுடுதல் ஆபத்து. தோட்டா உள்ளே நுழைவதனாலேயே பொருத்தமென்று கொள்ளலாகாது.

தளத்தில் நான்கடிச் சதுரத் தாளை நிறுத்தி நடுவே குறியிட்டுக்கொள்ளலாம். வீட்டில் அளந்து வந்த தூரங்கள், அவை ஐந்து, பத்து, பதினைந்து மீட்டர் எதுவாயினும், அவற்றையே இங்கும் வைத்துக்கொள்ள வேண்டும். காதுக்கும் கண்ணுக்கும் காப்பு இன்றியமையாதது. இத்துப்பாக்கியின் ஓசை 140 டெசிபலைத் தாண்டுவது. ஒவ்வொரு குழலுக்கும் தனித் தாள். ஒவ்வொரு தூரத்துக்கும் குறைந்தது மூன்று சூடு. எல்லாவற்றுக்கும் ஒரே வகைத் தோட்டா. தாளின் மூலையில் தேதி, குழல், தூரம், தோட்டாவின் பெயர் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். இரட்டைக் குழலில் வலமும் இடமும் ஒரே இடத்தில் சுடுவதில்லை என்பதைப் பலர் அன்றுதான் காண்பார்கள். செலவான தோட்டாக்களின் கணக்கையும் விலைச்சீட்டையும் உரிமத்தோடு சேர்த்து வைத்தல் நல்லது. ஈயத் தூள் படிந்திருக்குமாதலால் உண்பதற்கு முன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, வாசற்கதவிலும் கூடத்துச் சுவரிலும் பிடித்துப் பாருங்கள். தாளில் எந்தத் துளைகள் குறியை விட்டு விலகியிருக்கின்றனவோ, அவற்றுக்கு நேர் பின்னால் இருப்பது என்ன என்று காணுங்கள். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரா, ஒட்டுப்பலகைத் தடுப்பா, கல்நார் ஓடா, அப்பால் யாருடைய கட்டில் இருக்கிறது? பலகையும் கல்நார் ஓடும் பெருரவையைத் தடுத்து நிறுத்த மாட்டா. சிலர் இதன்பின் தோட்டாவை மாற்றுவார்கள். சிலர் வீட்டில் எந்தத் திசையில் சுடவே கூடாது என்று முடிவு செய்வார்கள். துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு நல்ல கதவும் தாழ்ப்பாளும் போதும் என்று தெளிவாரும் இருக்கலாம். மூன்றும் நல்ல முடிவுகளே.

சட்டம் நமக்குத் தற்காப்பு உரிமையை அளித்திருக்கிறது. தேவைக்கு மேற்பட்ட தீங்கு செய்யும் உரிமையை அளிக்கவில்லை. நள்ளிரவில், அச்சத்தில், அரை வெளிச்சத்தில் அந்த எல்லையை அறிந்து நடப்பதற்குப் பகல் வெளிச்சத்தில், மண்மேட்டின் எதிரே, அமைதியாகக் கற்றறிந்த பாடம் உதவும். அந்தப் பாடத்துக்கு ஒரு பகல் போதும். துப்பாக்கி வைத்திருக்கும் குடும்பத்தினர் இந்த ஆண்டுக்குள் அந்த ஒரு பகலை ஒதுக்கிக்கொள்வார்களாக.