ஸ்கேன் சென்டர் தரும் குறுந்தகட்டைத் தூக்கிப் போடாதீர்கள்!

சி.டி. ஸ்கேனோ எம்.ஆர்.ஐ. ஸ்கேனோ எடுத்தால் பெரிய கவரில் பிலிமும் ரிப்போர்ட்டும் தருவார்கள். பல சென்டர்களில் கூடவே ஒரு குறுந்தகடும் கிடைக்கும். கம்ப்யூட்டரில் போட்டால், பெயரே புரியாத நூற்றுக்கணக்கான ஃபைல்கள்தான் தெரியும். அதனால் அது பீரோ மேல் ஏறிவிடும். ஆனால், அடுத்து பார்க்கும் டாக்டருக்கு அதிகம் உதவுவது அதுதான்.

நான்கு அடுக்குகள்

அந்த ஃபைல்களின் வடிவத்துக்கு 'டைகாம்' என்று பெயர். ஒரு காலத்தில் ஒவ்வொரு கம்பெனி மெஷினும் படத்தை ஒவ்வொரு விதமாகச் சேமித்தது. இதைச் சரிசெய்ய, அமெரிக்காவின் கதிரியக்க மருத்துவர்கள் அமைப்பும் மின்கருவித் தயாரிப்பாளர்கள் சங்கமும் 1983-ல் கைகோத்தன. 1985-ல் முதல் விதிமுறை வந்தது. 1993-ல் அதுவே டைகாம் ஆனது.

இதில் முதல் அடுக்கு, நோயாளி. அடுத்தது 'ஸ்டடி'. ஒருமுறை போய் எடுத்த பரிசோதனை முழுவதும் ஒரு ஸ்டடி. அதற்குள் 'சீரிஸ்'. மருந்து ஏற்றும் முன் எடுத்தவை ஒரு சீரிஸ், ஏற்றிய பின் எடுத்தவை இன்னொன்று. கடைசியில் படங்கள். ரொட்டியைத் துண்டு போட்டதுபோல், உடலின் ஒவ்வொரு குறுக்குவெட்டும் ஒரு படம்.

ஒவ்வொரு ஸ்டடிக்கும் தனி அடையாள எண் உண்டு. எண்களும் புள்ளிகளுமாக 64 இடம் வரை நீளும் அந்த எண், உலகில் வேறெந்த ஸ்டடிக்கும் வரக்கூடாது என்பது விதி. ஆயிரம் படங்கள் கலந்து கிடந்தாலும், சாஃப்ட்வேர் இதை வைத்துப் பிரித்து அடுக்கிவிடும்.

போட்டோ போதாதா?

நுரையீரலில் சிறு கட்டி இருக்கிறது. சில மாதம் கழித்து அது வளர்ந்திருக்கிறதா என்று அறிய, பழைய ஸ்டடியையும் புதியதையும் அருகருகே வைத்து அளக்க வேண்டும். பிலிமைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அந்த அளவு கிடைக்காது. சி.டி. ஸ்கேனில் பொதுவாக 4,096 சாம்பல் நிலைகள் பதிவாகும். சாதாரண போட்டோவில் 256 மட்டுமே. எலும்புக்கு ஒரு விதமாக, நுரையீரலுக்கு ஒரு விதமாக மாற்றிப் பார்க்கவும் முடியாது.

பெயர் மாறினால் ஆள் மாறும்

ஸ்டடி எண்ணை மெஷின் போட்டுவிடும். பெயரை மனிதர்தான் டைப் செய்கிறார். ஒருமுறை 'லட்சுமி', அடுத்த முறை 'லக்ஷ்மி', அதோடு புதிய பதிவு எண் என்றால், கம்ப்யூட்டர் இருவராகவே கணக்கில் வைக்கும். பழைய ஸ்டடி டாக்டரின் திரைக்கு வராமலே போகலாம்.

கவனிக்க வேண்டியவை

* பெயர், இனிஷியல் எப்போதும் ஒரே மாதிரி இருக்கட்டும். பழைய பதிவு எண்ணைச் சொல்லுங்கள்.

* குறுந்தகட்டில் கீறல் விழலாம். பென் டிரைவில் ஒரு காப்பி வையுங்கள். சில படங்களை மட்டும் எடுக்காமல், முழு ஃபோல்டரையும் அப்படியே காப்பி செய்யுங்கள்.

* கண்டவர்களுக்கும் அனுப்பாதீர்கள். ஃபைலின் பெயரை மாற்றினாலும், உள்ளே நோயாளியின் பெயரும் பிறந்த தேதியும் இருக்கும்.

* குறுந்தகடு தராவிட்டால், 'டைகாம் ஃபைல் வேண்டும்' என்று கேட்டு வாங்குங்கள்.