மயக்க ஊசிக்கு முன் தாடையைப் பாருங்கள்

ஓட்டப்பிடாரம் பக்கம் உதடு பிளந்து ஒரு பிள்ளை பிறந்தால், கிரகணத்தன்று தாய் வெளியே வந்தாளா என்ற விசாரணைதான் முதலில் நடக்கும். வராதவளும் வந்ததாக ஒப்புக்கொள்ளும்வரை விடமாட்டார்கள். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கருவின் முகம் உருவாகும் முதல் மூன்று மாதங்களில் இருபக்கத் திசுக்களும் சரியாகச் சேராமல் போவதால் வருவது இது. உதட்டுப் பிளவு எல்லார் கண்ணிலும் படும். குட்டையான கீழ்த்தாடைதான் தப்பிவிடும். உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் அங்கேதான்.

தாடை சிறுத்துப் பின்தள்ளி இருந்தால், நாக்கு இடமில்லாமல் தொண்டைப் பக்கம் சரிந்து மூச்சை அடைக்கும். 1923-ல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் பியர் ராபினின் பெயரையே இந்நிலைக்கு வைத்திருக்கிறார்கள். மல்லாக்கப் படுத்தால் மூச்சில் கொர்கொர் சத்தம், நெஞ்சுக்குழி உள்வாங்குதல், பால் குடிக்கையில் திணறல், உதடு நீலம் பாய்தல் தெரிந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். குப்புறப் படுக்கவைத்தால் நாக்கு முன்னே வரும் என்பது உண்மைதான். ஆனால் அதை மருத்துவர் சொல்லி, கண்காணிப்போடு மட்டுமே செய்ய வேண்டும்.

நன்றாகப் பிறந்த பிள்ளைக்கும் இந்தச் சிக்கல் வரலாம். மோவாய் அடிபட விழுந்த பிள்ளைக்கு வெளிக்காயத்தில் தையல் போட்டு அனுப்பிவிடுவார்கள். காதோரத் தாடை மூட்டை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். காதில் சீழ் வடிந்தால் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதோடு சரி. இப்படிக் கவனிக்காமல் விட்ட அடியோ சீழோ மூட்டைப் பாதித்தால், அது மெல்ல இறுகி, வாய் ஒரு விரல்கூட நுழையாத அளவுக்குச் சுருங்கும். தாடையின் வளர்ச்சியும் நின்றுபோகும்.

இந்தப் பிள்ளைகளுக்கு எந்த ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுத்தாலும் ஆபத்து உண்டு. குடலிறக்கமோ பல் பிடுங்குவதோ எதுவானாலும் சரி. மயக்கத்தில் தசைகள் தளர்ந்து நாக்கு பின்னால் விழும். மூச்சுக்குழாயில் குழாய் செருக வழி தெரியாது. கைக்குழந்தையின் உடல், எடைக்கு எடை பார்த்தால், பெரியவரைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. அதனால் மருத்துவருக்குக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. அகில இந்தியக் கடின சுவாசவழிச் சங்கம் 2016-ல் குழந்தைகளுக்கெனத் தனி வழிகாட்டுதலே வெளியிட்டது. முயற்சி நடக்கும்போதும் ஆக்சிஜன் நிற்கக்கூடாது, திரும்பத் திரும்பக் குழாய் செருகிப் பார்க்கக்கூடாது என்பவை அதன் சாரம். வாய் திறக்காத பிள்ளைக்கு, சுயமூச்சை நிறுத்தாமலே மூக்கு வழியாக மெல்லிய கேமரா குழாயை விடுவார்கள். அதுவும் முடியாமல் போனால் கழுத்தில் துளையிட வேண்டிவரும். அதற்குக் காது மூக்கு தொண்டை மருத்துவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எல்லா நர்சிங் ஹோமிலும் இது நடக்கிற காரியமல்ல.

ஆகவே, மயக்க மருந்து டாக்டரை ஆபரேஷனுக்கு முன்பே நேரில் பார்க்கக் கேளுங்கள். குறட்டை, பழைய ஆபரேஷன், வாய் எவ்வளவு திறக்கும் என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். "குழாய் போகாவிட்டால் அடுத்து என்ன செய்வீர்கள்?" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. ஆபத்தை விளக்காமல் வாங்கும் கையெழுத்து சட்டப்படி முறையான சம்மதமாகாது. 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. சிரமப்பட்டுக் குழாய் போட்டிருந்தால், எப்படிப் போட்டார்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். போன தடவை சுலபமாக இருந்தது என்பதும் உத்தரவாதமல்ல. தாடை வளர வளரச் சில பிள்ளைகளுக்கு எளிதாகும். ட்ரீச்சர் காலின்ஸ் என்ற முகக்குறைபாட்டிலோ வயது ஏற ஏறக் கடினமாகும்.

செலவுக்கு அஞ்சித் தள்ளிப்போட வேண்டாம். 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வரும். அப்போது தாடையையும் அண்ணத்தையும் காட்டுங்கள். ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம்.

ஏதேனும் தவறு நேர்ந்தால் முதலில் மருத்துவக் குறிப்புகளை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. பணம் கட்டிச் சிகிச்சை பெற்றிருந்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கட்டிய தொகை ரூ.5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை மீது அங்கே வழக்கு நிற்காது. அதற்குத் துறை அதிகாரிகளிடம் புகார் கொடுக்கலாம், உரிமையியல் நீதிமன்றத்தையும் நாடலாம்.