64 நாள் தரை தொடாத குட்டி விமானம்!

அமெரிக்காவில் லாஸ்வேகாஸ் நகரில் 1958 டிசம்பர் 4-ந் தேதி ஒரு குட்டி விமானம் கிளம்பியது. அது கீழே இறங்கிய தேதி 1959 பிப்ரவரி 7. நடுவில் 64 நாள் 22 மணி 19 நிமிஷம் சக்கரம் தரையில் படவே இல்லை!

விமானத்தின் பெயர் "செஸ்னா 172". நாலு சீட், ஒரே என்ஜின். உள்ளே 2 பேர்: ராபர்ட் டிம், ஜான் குக். டிம், "ஹசியெண்டா" ஓட்டலில் சூதாட்ட மெஷின் ரிப்பேர் பார்த்தவர். ஓட்டலுக்கு விளம்பரம் தேடத்தான் இத்தனை கூத்தும்!

பெட்ரோலுக்கு என்ன செய்தார்கள்? நேரான ரோட்டில் லாரி ஓடும். விமானம் அதன் தலைக்கு மேலே தாழப் பறக்கும். மேலேயிருந்து கொக்கி இறக்கி, குழாயை இழுத்து நிரப்பிக்கொள்வார்கள். சாப்பாடும் இப்படித்தான். ஓட்டல் சமையலை நறுக்கி பிளாஸ்கில் அடைத்து அனுப்பினார்கள்.

கண் சொக்கியது

36-வது நாள், விடிவதற்கு முன். குக் தூங்குகிறார். ஓட்டிக்கொண்டிருந்த டிம்முக்கும் கண் சொக்கிவிட்டது. 1 மணி நேரத்துக்கு மேல் தானியங்கிக் கருவியே விமானத்தைக் கொண்டுபோனது. கீழே மலை!

3 நாள் கழித்து ஜெனரேட்டர் பழுது. விளக்கு போச்சு, ஹீட்டர் போச்சு, அந்தக் கருவியும் போச்சு. அப்புறமும் 25 நாள் கையாலேயே ஓட்டினார்கள். அந்த விமானம் இன்றும் லாஸ்வேகாஸ் விமான நிலையத்தில் தொங்குகிறது.

என்ன விசேஷம்?

1956-ல் விற்பனைக்கு வந்த இந்த ரகம் 44 ஆயிரத்துக்கு மேல் தயாராகிவிட்டது. வேறு எந்த விமானமும் இவ்வளவு தயாரானதில்லை.

வேகமா? இல்லை. மணிக்கு 200 கிலோ மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். அழகா? அதுவும் சுமார்தான். ஆனால் தப்புச் செய்தால் மன்னிக்கும். ரொம்ப மெதுவாகப் போய்விட்டால் மூக்கை மெல்லத் தாழ்த்தும். பிடியைத் தளர்த்தினால் சமாளித்துக்கொள்ளும். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே ஊர் பளிச்சென்று தெரியும். மாடித் தொட்டியிலிருந்து குழாய்க்குத் தண்ணீர் வருகிற மாதிரி, இறக்கை டாங்கியிலிருந்து பெட்ரோல் தானாக இறங்கும்.

முன்பு வந்த "செஸ்னா 170"-க்கு வாலில் சக்கரம். இறங்கும்போது கோணினால் சுழன்றுவிடும். 172-க்கு மூக்கில் சக்கரம். புதுசாகக் கற்றுக்கொள்பவனுக்கு அது பெரிய தைரியம்.

1987 மே மாதம் மேற்கு ஜெர்மனியைச் சேர்ந்த மத்தியாஸ் ரஸ்ட் என்ற 18 வயசுப் பையன், ரஷியக் காவலைத் தாண்டி மாஸ்கோ செஞ்சதுக்கத்துக்குப் பக்கத்தில் இறங்கினானே, அதுவும் வாடகைக்கு எடுத்த 172-தான்!

நாலு சீட் என்பதை மட்டும் அப்படியே நம்பக்கூடாது. நாலு குண்டு ஆசாமிகள் ஏறி, டாங்கியையும் நிரப்பினால் எடைக்கணக்கு உதைக்கும்.

கோர்ட்டு செலவு

விபத்து வழக்குகளில் நஷ்டஈடு கட்டி மாளாமல் 1986-ல் கம்பெனி இதன் தயாரிப்பை நிறுத்தியது. 18 வருஷத்துக்கு மேல் பழசான சிறு விமானத்துக்காகத் தயாரிப்பாளர் மேல் வழக்குப் போட முடியாது என்று 1994-ல் சட்டம் வந்தது. 1996-ல் மறுபடி தயாரிப்பு.

1956-ல் விலை சுமார் 9 ஆயிரம் டாலர். இப்போது புதுசு 4 லட்சம் டாலருக்கு மேல். அதனால் அங்கே சாமானியர்கள் பத்துப் பேராகச் சேர்ந்து பழைய 172 ஒன்றை வாங்கி, முறை வைத்து ஓட்டுகிறார்கள்.