நீருக்கடியில் யார் பொறுப்பு?

பாரிஸின் கார் து நோர் ரயில் நிலையத்தை அடுத்துள்ள லா ஷப்பல் பகுதியில், தமிழ்ப் பயண முகவர்களிடம் இலங்கைக்கான பயணச்சீட்டு கேட்டு வருவோர் அதிகரிப்பது கோடை விடுமுறைக் காலத்திலாகும். திருகோணமலை, மட்டக்களப்புக் கடல் அமைதியாக இருப்பதும் அதே மாதங்களில்தான். அங்கே ஸ்கூபா சாதனத்துடன் சுழியோட விரும்புவோர், தம்மை நீருக்குள் அழைத்துச் செல்பவரின் பொறுப்பு எதுவரை என்பதை அறிந்திருப்பது அவசியம்.

பிரான்ஸில் இது சட்டம் வரையறுத்த விடயம். அந்நாட்டின் விளையாட்டுச் சட்டக்கோவை, பொறுப்பை இருவரிடம் பிரித்துக் கொடுக்கிறது. சுழியோடும் இடத்திலேயே இருக்கவேண்டிய பணிப்பாளர், யார் யாருடன், எவ்வளவு ஆழம் செல்லலாம் என்பதைத் தீர்மானித்துப் பதிவுத்தாள் எழுதுகிறார். அவசர உதவியை அழைப்பதும் அவரே. நீருக்குள் குழுவை நடத்துபவர் குழுத் தலைவர். பொதுவாக நால்வருக்கு மேல் அவர் அழைத்துச் செல்லக்கூடாது. சுழியோட்டம் அன்றைய கடல் நிலைக்கும் குழுவினரின் திறனுக்கும் பொருந்துகிறதா என்று பார்ப்பது அவரது கடமை. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக நிரூபிக்கப்பட்டால், பிரெஞ்சுத் தண்டனைச் சட்டப்படி 3 ஆண்டுகள் வரை சிறையும் 45,000 யூரோ வரை அபராதமும் விதிக்கப்படலாம்.

இத்தனை கண்டிப்பு ஏன் என்பதற்கு எளிய கணக்கு ஒன்றே போதும். 12 லீட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் சுமார் 2,400 லீட்டர் காற்று இருக்கும். இதில் 50 பாரை இருப்பாக ஒதுக்கினால் மிஞ்சுவது 1,800 லீட்டர். நிமிடத்துக்கு 20 லீட்டர் சுவாசிப்பவருக்கு, நீர் மட்டத்தில் அது ஒன்றரை மணி நேரம் போதும். 40 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் ஐந்து மடங்கு என்பதால், 18 நிமிடங்களில் தீர்ந்துவிடும். பயந்தவர் இன்னும் வேகமாகச் செலவிடுவார். அவசரமாக மேலெழுந்தால் நுரையீரல் சேதமடையலாம். இரத்தத்தில் நைட்ரஜன் குமிழிகளும் உண்டாகலாம். ஆகவே குழுவில் யாருக்குக் காற்று முதலில் குறைகிறதோ, அவரை வைத்தே எல்லோரும் திரும்பும் நேரத்தைத் தலைவர் முடிவு செய்யவேண்டும். அனுபவசாலிகளுக்கு இது எரிச்சலூட்டக்கூடும். ஆனால் வேறு வழியில்லை.

எல்லா நாடுகளிலும் நிலைமை இப்படியல்ல. அமெரிக்காவில் 1966ல் தொடங்கிய பாடி போன்ற அமைப்புகளின் முறையில், சான்றிதழ் பெற்ற இருவர் இணையாகச் சென்று ஒருவரையொருவர் கவனித்துக்கொள்ள வேண்டும். வழிகாட்டி உடன் வந்தாலும் அந்தப் பொறுப்பு நீங்குவதில்லை. பிரெஞ்சு முறைக்குப் பழகியவர் இதை உணராமல், எல்லாவற்றையும் தலைவர் பார்த்துக்கொள்வார் என்று இறங்குவது ஆபத்தானது.

மட்டக்களப்புக்கு அப்பால், 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மீஸ் 50 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோட்டத்துக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட எல்லை 40 மீட்டர். பாடியின் ஆரம்பச் சான்றிதழுக்கோ 18 மீட்டர். அந்தச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு ஹெர்மீஸைப் பார்க்கக் கேட்பவரை, கட்டணம் போனாலும், படகில் ஏற்றாமல் மறுப்பவரே தலைவர். அவரது படகில் மருத்துவ ஒட்சிசன் இருக்கிறதா என்பது கரையிலேயே கேட்கவேண்டிய கேள்வி.