பதினான்கு வயதில் மனைவியை இழந்தவர்கள்

2011-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், ஜனத்தொகைக் கணக்குத் தாள்களைச் சுமந்துகொண்டு வீடு வீடாக ஏறி இறங்கிய உபாத்தியாயர்களில் அடியேனும் ஒருவன். ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டியம்மாளிடம் வயதைக் கேட்டேன்.

"வயசா? அதை யாரு தம்பி எண்ணிக்கிட்டிருந்தாங்க? அறுபதுன்னு போட்டுக்க!" என்றார்.

போட்டுக்கொண்டேன். அடுத்த வீட்டுக்குப் போகவேண்டிய அவசரம்.

அந்த "அறுபது" பிறகு யார் கையில் அகப்படும் என்பதை வெகுநாள் வரையில் நான் யோசித்ததில்லை. ஸர்வகலாசாலைகளில் ஜனத்தொகை ஆராய்ச்சி என்று ஒரு துறை உண்டு. புள்ளி விவரங்களைப் பரிசீலனை செய்வதையே உத்தியோகமாகக் கொண்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். கூட்டலும் கழித்தலுந்தான் அவர்கள் வேலை என்று நினைத்தால் தவறு. கூட்டுவதற்கு இயந்திரம் இருக்கிறது. சந்தேகப்படுவதே அவர்களுடைய முதல் வேலை.

வயதையே எடுத்துக்கொள்வோம். 23 முதல் 62 வரை வயதுள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினரின் வயதுதான் 0 அல்லது 5 என்ற எண்ணில் முடியவேண்டும். கணக்கு அப்படியே அமைந்தால் 100 என்றும், அத்தனை பேரும் 30, 35, 40 என்று முழுசாகவே சொல்லியிருந்தால் 500 என்றும் காட்டும் ஓர் அளவுகோல் இருக்கிறது. விப்பிள் குறியீடு என்று அதற்குப் பெயர். நம் தேசத்துக் கணக்குகளில் 30, 40, 50 என்ற வயதுகளில் ஜனங்கள் திருவிழாக் கூட்டம்போல் நெருங்கி நிற்பதும், பக்கத்து வயதுகள் வெறிச்சோடிக் கிடப்பதும் நெடுநாளைய சங்கதி. என் பாட்டியம்மாளும் அந்தக் கூட்டத்தில்தான் நிற்கிறார். நிறுத்தியவன் நான்.

ஆனால் பிழைகளுக்கெல்லாம் பாட்டிமார்களே பொறுப்பாளிகள் அல்ல. அமெரிக்காவில் 1950-ஆம் வருஷத்துக் கணக்கெடுப்பில் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. பதினான்கே வயதில் மனைவியை இழந்த பிள்ளைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருப்பதாக அட்டவணை கூறிற்று! அதைவிட வேடிக்கை, பதினெட்டு வயதில் அப்படிப்பட்டவர்கள் குறைவு. பிரின்ஸ்டன் ஸர்வகலாசாலையைச் சேர்ந்த ஆன்ஸ்லி கோல், பிரடரிக் ஸ்டீபன் என்ற இருவரும் இந்தப் புதிரைத் துப்பறிந்து, 1962-இல் விடையை வெளியிட்டார்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொருவரைப் பற்றிய விவரத்தையும் ஓர் அட்டையில் துளைகளாகப் பதிவு செய்வார்கள். சில அட்டைகளில் துளைகள் ஒரு கட்டம் வலப்புறம் தள்ளி விழுந்துவிட்டன. ஆண் என்பதைக் குறிக்கும் 1 வயதின் முதல் எண்ணாயிற்று. நாற்பத்துச் சொச்சம் வயதின் 4 இரண்டாவது எண்ணாயிற்று. மிச்சமிருந்த எண் விவாக நிலைக்குரிய கட்டத்தில் போய் விழுந்தது. குடும்பஸ்தர் ஒருவர் இப்படியாக மனைவியை இழந்த பதினான்கு வயதுச் சிறுவராக மாறினார்!

இதைப் படித்து நாம் சிரிக்கலாம். சிரிக்க முடியாத பிழையும் உண்டு. அதே தேசத்தில் 1940-ஆம் வருஷம் ஏப்ரலில் ஜனத்தொகைக் கணக்கு எடுத்தார்கள். அக்டோபரில் 21 முதல் 35 வயது வரையுள்ள ஆண்கள் ராணுவ சேவைக்காகத் தங்கள் பெயரைச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. டேனியல் பிரைஸ் என்னும் ஆராய்ச்சியாளர் இரண்டையும் ஒப்பிட்டு, 1947-இல் முடிவை வெளியிட்டார். கணக்குப்படி எதிர்பார்த்ததைவிட மொத்தத்தில் சுமார் 3 சதவிகிதம் பேர் அதிகமாகப் பதிவு செய்திருந்தார்கள். கறுப்பு இனத்தவரில் மட்டும் சுமார் 13 சதவிகிதம்! யுத்தத்துக்கு ஆள் தேடும்போது கண்ணில் பட்டவர்கள், ஜனங்களை எண்ணும்போது கண்ணில் படவில்லை. அந்நாட்டுச் சட்டசபையில் ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் எத்தனை ஸ்தானம் என்பதை நிர்ணயிப்பது ஜனத்தொகைக் கணக்குத்தான். எண்ணப்படாதவனுக்கு அங்கே குரலும் குறைந்துவிடுகிறது. இந்த அநீதியை வெளிப்படுத்தியது மேடைப் பிரசங்கம் அல்ல. அட்டவணைகளை அருகருகே வைத்துப் பார்த்த ஒரு மனிதரின் பொறுமை.

நம் நாட்டிலும் இந்தப் பணிக்கென்று மும்பையில் 1956-இல் தோன்றிய ஸ்தாபனம் ஒன்று இருக்கிறது. பிற்பாடு அது ஸர்வகலாசாலை அந்தஸ்தும் பெற்றது. அதன் பொறுப்பில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஒரு ஸ்திரீ சராசரியாகப் பெறும் குழந்தைகள் 1992-93-இல் 3.4, 2019-21-இல் 2.0. அந்தச் சிறிய எண்களுக்குப் பின்னால், பிழைகளைச் சலித்தெடுத்த எத்தனையோ பேருடைய உழைப்பு இருக்கிறது. கணக்கில் பிரியமுள்ள நம் பிள்ளைகளும் பெண்களும் இந்த உத்தியோகத்தை நாடினால், அது தேசத்துக்குச் செய்யும் தொண்டேயாகும்.

ஆனால் எவ்வளவு சமர்த்தரானாலும், வாசலில் நான் செய்த பிழையை அவர்களால் ஊகிக்கத்தான் முடியும். அந்தப் பாட்டியம்மாளின் உண்மை வயதைக் கண்டுபிடிக்க முடியாது. "சுதந்திரம் வந்த வருஷம் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா, அம்மா?" என்று நான் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அதற்கு ஒரு நிமிஷம் பிடித்திருக்கும்.

அந்த ஒரு நிமிஷத்தை நான் மிச்சம் பிடித்தேன். நேயர்கள் வீட்டு வாசலுக்குக் கணக்கெடுப்பவர் வரும்போது, அவர் அவசரப்பட்டாலும் நீங்கள் அவசரப்படாதிருங்கள்.